தூக்கத்துக்கு ஆப்: எங்கே சறுக்குது?

தருமபுரி:
மனச்சோர்வுக்கு மாத்திரை ஓடும்போதே தூக்கத்தையும் தனியா கவனிக்கிறது நல்லது. ஆஸ்திரேலியாவில் 1,149 பேரை வெச்சு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வார இணையவழி சிபிடி-ஐ (தூக்கமின்மைக்கு மருந்தில்லாம பழக்கத்தையும் எண்ணத்தையும் மாத்துற சிகிச்சை) பயிற்சிக்குப் பிறகு மனச்சோர்வின் அறிகுறி குறைஞ்சது. ஆறு மாசம் கழிச்சும் பலன் தெரிஞ்சது. ஆப்பில் வர்ற மழைச் சத்தத்தை நம்பாதீங்க. வேலை செய்றது தூங்கின நேரத்தோட கணக்குதான்.

ஒரு வாரம் எழுதுங்க: படுத்தது, தூங்கினது, நடுவில் முழிச்சது, எழுந்தது. 9 மணிக்குப் படுத்து 6-க்கு எழுந்து, தூங்கினது 5½ மணி நேரம்தான்னா, படுக்கையில் இருந்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம். இனி படுக்கையில் 5½ மணி நேரம் மட்டுமே. காலை 5:30-க்குப் பால் கறக்கணும்னா அதிலிருந்து பின்னாடி எண்ணுங்க: ராத்திரி 12. வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தொட்டா 11:45-க்கே படுக்கலாம். 80-க்குக் கீழே போனா படுக்கை நேரத்தில் 15 நிமிஷம் குறைக்கணும். 5 மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

ராயக்கோட்டை:
பலரும் விடுறது ரெண்டாவது வாரத்தில்தான். அப்போ பகல்ல கண்ணு சொக்கும். களி சாப்பிட்டு ஒன்பதரைக்கே சாஞ்சா அந்த வாரக் கணக்கே போச்சு. இன்னொரு தப்பு, நடுராத்திரி மணி பார்த்துப் பார்த்து ஆப்பில் குறிக்கிறது. காலையில் எழுந்து உத்தேசமா போட்டாப் போதும். 20 நிமிஷம் புரண்டாச்சுன்னு தோணினா எழுந்து திண்ணைக்குப் போகணும், போன் இல்லாம. இதுக்குக் கட்டிலைவிடப் பாய் வசதி: சுருட்டி மூலையில் சாத்திட்டா பகல்ல படுக்கத் தோணாது.

ஓசூர்:
சிப்காட்டில் வாராவாரம் ஷிஃப்ட் மாறுறவங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. எழும் நேரம் நிலையா இருந்தாத்தான் இது ஓடும். தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டி இறங்குறவங்க நேரம் குறைக்கிற பகுதியைத் தொடவே வேணாம். வலிப்பு, பைபோலார் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்கக் கூடாது. தூக்கம் குறைஞ்சா பைபோலார்ல மனசு சோர்வுக்கு எதிர்ப்பக்கமா, அளவுக்கு மீறின வேகத்துக்கு எகிறிடலாம்.

பாலக்கோடு:
இந்தக் கணக்கைப் போடுற 'இன்சோம்னியா கோச்' ஆப் இலவசம்தான், ஆனா இங்கிலீஷ். வீட்டில் பெரியவங்களுக்கு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டுக் குடுத்து, ஞாயிற்றுக்கிழமை பசங்க கூட்டிச் சொன்னா அதே வேலை நடக்கும். மனச்சோர்வு மாத்திரையை நடுவில் நிறுத்தாதீங்க. சாகணும்னு நினைப்பு வந்தா நோட்டு, ஆப் எதுவும் வேணாம், உடனே 14416. அது டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண்; எந்நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம்.