அவசர உதவி: வாசல் கதவில் சாவி திரும்பவில்லை

மாடிவீடு
வாசல் கதவில் சாவி நுழைகிறது, ஆனால் திரும்ப மறுக்கிறது. நேற்று இரவு வரை நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் விட்டும் பார்த்தாயிற்று. மதியம் ஊரிலிருந்து மாமியார் வருகிறார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தச்சன்
ஐப்பசி மழையில் வேறென்ன நடக்கும்? மரம் உப்பிவிட்டது. பூட்டின் நாக்கு நிலையிலுள்ள தகட்டில் இறுகிக்கொண்டிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக் கதவை உங்கள் பக்கம் இழுத்தபடியே சாவியைத் திருகுங்கள். வராவிட்டால் தள்ளியபடி திருகுங்கள். கீல் தளர்ந்து கதவு தொங்கியிருந்தால், கைப்பிடியைச் சற்று மேலே தூக்கியும் பாருங்கள்.

குறிஞ்சி
என்ன வகைப் பூட்டு? கதவின் மேல் அடித்த பெட்டிப் பூட்டா, பலகைக்குள் பதித்ததா? நீங்கள் நிற்பது வெளியிலா, உள்ளேயா? அடுப்பில் ஏதாவது இருக்கிறதா?

பழையசாவி
மறுபடியும் அதே கேள்வி. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. பூட்டில் எண்ணெய் விடக் கூடாது என்பது அரிச்சுவடி. எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாக்கி, பூட்டுக்குள் இருக்கும் சிறு பின்களை ஒட்டவைத்துவிடும். கிராஃபைட் தூள்தான் போட வேண்டும். இல்லையென்றால் பென்சில் முனையைச் சாவிப் பற்களில் நன்றாகத் தேய்த்து நுழைத்துப் பாருங்கள். பதித்த சிலிண்டர் பூட்டு என்றால் வேலை இன்னும் சுலபம். ஒரே ஒரு திருகைக் கழற்றினால், சாவி நுழைகிற பாகமான சிலிண்டர் கையோடு வந்துவிடும்.

சாவிக்கடை
அந்தத் திருகு கதவின் ஓரத்தில், நாக்குக்குக் கீழே இருக்கிறது ஐயா. கதவைத் திறந்தால்தான் கண்ணிலேயே படும். அதைக் கழற்றினாலும், சாவியைச் சிறிது திருப்பி வைத்தால்தான் சிலிண்டர் வெளியே வரும். சாவி திரும்பவில்லை என்றுதானே இவர் கேட்கிறார்?

பழையசாவி
நான் பொதுவாகச் சொன்னேன். புரிந்துகொள்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இடிமுழக்கம்
இவ்வளவு யோசனை எதற்கு? கடப்பாரையை நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொடுத்து ஒரு நெம்பு. எங்கள் வீட்டில் அப்படித்தான் திறந்தோம்.

தச்சன்
நெம்பிவிட்டுப் புது நிலைக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மாடிவீடு
சாம்பல் நிறப் பூட்டு. பெரிய கம்பெனி. விட்டது தேங்காய் எண்ணெய்.

குறிஞ்சி
நிறத்தை யாரும் கேட்கவில்லை சகோதரி. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா? தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாமா?

மாடிவீடு
ஐயோ, இல்லை. நான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். பின்வாசல் திறந்துதான் இருக்கிறது. மாமியாரைக் கொல்லைப்புற வழியாக அழைக்க முடியாதே என்றுதான் அவசரம்.

இடிமுழக்கம்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கடப்பாரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சாவிக்கடை
நல்லது. அப்படியானால் பதற வேண்டாம். சாவி எவ்வளவு அசைகிறது என்று சொல்லுங்கள். கொஞ்சம் திரும்பி முட்டி நின்றால், தச்சன் சொல்வதுபோல் நாக்கு நிலையில் சிக்கியிருக்கிறது. ஒரேயடியாகச் சுற்றினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. துளிகூட அசையாவிட்டால் சாவியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். உங்கள் கையில் இருப்பது பூட்டோடு வந்த சாவியா?

திண்டுக்கல்காரன்
பெரிய கம்பெனி என்று போய் விழுந்தால் இப்படித்தான். எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டு ஒன்றை என் தாத்தா வாங்கி மாட்டினார், இன்றும் நெல் அறையில் தொங்குகிறது. கையால் அராவிச் செய்த பூட்டு. 2019இல் புவிசார் குறியீடும் கொடுத்தாயிற்று.

பழையசாவி
குறியீடு கொடுத்தால் போதுமா? கடைத்தெருவில் நிறைந்து கிடப்பது உத்தரப் பிரதேசத்து அலிகர் பூட்டு. எந்திரத்தில் வார்ப்பதற்கும் கையால் அராவுவதற்கும் விலையில் எப்படிப் போட்டி போடுவீர்கள்?

திண்டுக்கல்காரன்
விலையைப் பற்றி நான் பேசவே இல்லை. உங்கள் அலிகர் பூட்டைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

மாடிவீடு
துளிகூட அசையவில்லை. இது போன வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே போட்ட மாற்றுச் சாவி. நேற்று இரவு பூட்டியது என் கணவர், அவருடைய சாவியில். அவர் அலுவலகம் போய்விட்டார், பின்வாசல் வழியாக.

குறிஞ்சி
மாற்றுச் சாவியா! இதற்கு முன் இந்தச் சாவியால் ஒருமுறையாவது திறந்திருக்கிறீர்களா?

மாடிவீடு
இல்லை.

சாவிக்கடை
அப்படியானால் கதவையும் மழையையும் விடுங்கள். உங்களுடையது லீவர் பூட்டு என்றால், உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் சாவியின் பல் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகர வழி கிடைக்கும். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் தகடு மறிக்கும். தேய்ந்த சாவியைப் பார்த்து அராவினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும்.

அராவியது குறைவென்றால் திருத்தலாம். சாவியை மெழுகுவத்திப் புகையில் கருக்கி நுழைத்து, மெல்லத் திருக முயன்று வெளியே எடுத்தால், எந்தப் பல் இடிக்கிறதோ அங்கே கரி போய் உலோகம் மின்னும். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி கருக்கல். அதிகமாக அராவியிருந்தால் அந்தச் சாவி பழைய இரும்புக்குத்தான். இதை நீங்கள் செய்ய வேண்டாம், போட்டுக் கொடுத்தவரையே வீட்டுக்கு அழையுங்கள். மூலச் சாவியும் பக்கத்தில் இருக்கட்டும். பலவந்தமாகத் திருகாதீர்கள், பித்தளைச் சாவி பாதியில் முறிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

பழையசாவி
தேங்காய் எண்ணெய்ப் பசையைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதைக் கவனிக்கவும்.

திண்டுக்கல்காரன்
ஐயா, சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்களா?

மாடிவீடு
திறந்துவிட்டது. மாமியாரும் வந்துவிட்டார். அனைவருக்கும் நன்றி.

தச்சன்
இழுத்தபடி திருகியதில்தானே திறந்தது?

பழையசாவி
பென்சில் தேய்த்திருப்பார்.

சாவிக்கடை
எந்தச் சாவியில் திறந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் சகோதரி. நாளை இன்னொருவர் இதே கேள்வியோடு வருவார்.

குறிஞ்சி
மாமியார் வந்துவிட்டாரே, இனி எங்கே பதில் வரும்?

திண்டுக்கல்காரன்
பழையசாவி ஐயா, இன்னும் தட்டவில்லையா?