வைரஸ் புரதமும் செல் இறப்பும்: ஆய்வுத் திட்டத்துக்கு ஆலோசனை தேவை

குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம். மதுரையில் நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டு பயிலும் நான், மழைக்காலந்தோறும் இங்கே தலைகாட்டும் டெங்குவையே ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

டெங்கு வைரஸின் உறைப் புரதமும் தொற்றிய செல்லிலிருந்து சுரக்கும் என்.எஸ்.1 புரதமும், புரதங்கள் உரிய வடிவம் பெறும் உள்ளறையான எண்டோபிளாச வலைக்குள்தான் மடிகின்றன. அங்கே மடியாத புரதங்கள் தேங்கினால் பெர்க், ஐ.ஆர்.இ.1, ஏ.டி.எஃப்.6 ஆகிய மூன்று உணரிகள் விழித்துக்கொள்கின்றன. பெர்க் புரதத் தயாரிப்பைக் குறைக்கிறது, நெருக்கடி நீடித்தால் சாப் என்னும் புரதம் பெருகிச் செல்லை இறப்பை நோக்கித் தள்ளுகிறது. வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை: ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸின் ஐ.சி.பி.34.5 புரதம் பெர்க் போட்ட தடையை நீக்குகிறது. அடினோவைரஸின் ஈ1பி-19கே, செல்லின் சொந்தக் காவலரான பி.சி.எல்-2 போலவே நடந்து செல்லின் திட்டமிட்ட தற்கொலையான அப்போப்டோசிஸைத் தடுக்கிறது.

என் ஐயம் இதுதான். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட் வழியாக என்.எஸ்.1ஐ மட்டும் உற்பத்தி செய்யவைத்து சாப் உயர்ந்தால், அது அப்புரதத்தின் தனிப்பண்பா, எந்தப் புரதமும் வலையில் குவிந்தால் உண்டாகும் வெறும் சுமையின் விளைவா? வழக்கமாக ஒப்பீட்டுக்கு வைக்கும் பச்சை ஒளிர் புரதம் எண்டோபிளாச வலைக்குள் நுழைவதே இல்லை என்பதால், அது நியாயமான ஒப்பீடாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வலை வழியே சுரக்கும், தீங்கற்ற புரதம் எதைப் பயன்படுத்தலாம்?

மேலும், வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானைச் சுரக்காத, குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களே எங்களிடம் உள்ளன. இக்கேள்விக்கு அவை போதுமா? சாப் அளவைக் கண்டறியும் எதிர்ப்பொருள் வாங்க நிதியில்லாததால் ஐ.ஆர்.இ.1 உணரியால் எக்ஸ்.பி.பி.1 ஆர்.என்.ஏ. வெட்டப்படுவதை மட்டும் பி.சி.ஆரில் பார்க்க எண்ணுகிறேன், ஆனால் அது ஐ.ஆர்.இ.1 கிளையை மட்டுமே காட்டும். மதுரை வட்டாரத்தில் ஹெச்.யூ.எச்.7 கல்லீரல் செல்கள் வைத்திருப்போர் தெரிவித்தால், வழிகாட்டியின் கடிதத்துடன் நேரில் வருகிறேன்.