கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் தீப்புண்ணில் ரத்தம் கசிகிறது: கழுவும் முறை தவறா, கட்டு தவறா?

கேள்வி:
வணக்கம். 9 நாள்களுக்கு முன் கொதிநீர் கொட்டி என் தாயாரின் முன்கை வெந்துவிட்டது. உடனே 20 நிமிடம் குழாய் நீரில் காட்டினோம். ஆழமில்லாத இரண்டாம் நிலைப் புண் என்று கூறிய மருத்துவர், சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு தடவி நாள்தோறும் கட்டு மாற்றச் சொன்னார். காஸ் துணியை எடுக்கையில் அது ஒட்டிக்கொண்டு வர, இளஞ்சிவப்பான புதுத் தோலில் ஊசிமுனை அளவில் ரத்தம் துளிர்க்கிறது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மேலே வெண்மையான படலமும் படிகிறது. அது சீழா? போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் துடைக்கலாமா, சலைன் என்ற உப்புநீரே போதுமா?

பதில் (தீப்புண் பிரிவுச் செவிலியர்):
நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அந்தப் படலம் களிம்பும் புண்ணின் கசிவும் கலந்து உண்டாவதாகவே தோன்றுகிறது. களிம்பு தடவும் புண்களில் இதை அடிக்கடி காண்கிறோம். ஆனால் அதற்குக் கீழே புண் எப்படி இருக்கிறது என்பதை அது மறைத்துவிடும். சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான சலைனையோ சுத்தமான குடிநீரையோ ஊற்றி மெதுவாகக் கழுவினால் போதும். போவிடோன் அயோடினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளோடு புதிதாக வளரும் செல்களையும் கெடுக்கக்கூடியவை என்பதால், தொற்று இல்லாத புண்ணில் நாள்தோறும் அவற்றை ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

உண்மையான சிக்கல் கட்டில்தான் இருக்கிறது. உலர்ந்த காஸ் துணியை உரிக்கும்போது, ஒரு நாள் முழுவதும் வளர்ந்த தோலையும் சேர்த்தே உரித்துவிடுகிறோம். இனி துணியை 10 நிமிடம் சலைனில் ஊறவிட்டு, மேல்நோக்கி இழுக்காமல் தோலை ஒட்டியவாறு மடித்து எடுங்கள். மருத்துவர் அனுமதித்த வலிமாத்திரையை அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். புண்ணில் ஒட்டாத சிலிகான் வலைக் கட்டுக்கு மாறலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அதைச் சில நாள்கள் பிரிக்காமலே விடலாம், மேலே உள்ள உறிஞ்சு துணியை மட்டும் மாற்றினால் போதும். ஆழமில்லாத புண்களில் இந்தக் களிம்பைவிடச் சிலிகான் கட்டுகளில் புண் விரைவாக ஆறுகிறது என்பதே, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மீளாய்விலும் தெரிந்தது, அதில் திரட்டப்பட்ட ஆய்வுகள் பல தரத்தில் குறைந்தவை என்றாலும்.

மற்றொருவர்:
பாராஃபின் (வாசலின் போன்ற பசை) தோய்த்த காஸும் நல்லதே. ஆனால் ஒற்றை அடுக்காக வைத்தால் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடுக்கு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திறந்து வைத்துக் காற்றாட விட்டால் விரைவில் உலருமே என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

செவிலியர்:
உலர்வது வேறு, ஆறுவது வேறு. ஈரம் காக்கப்பட்ட புண்ணில் மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் மூடுவதை 1962-இல் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் காட்டினார். ஆகவே மூடியே வையுங்கள். காய்ச்சல், நாற்றம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 3 வாரத்தில் மூடாவிட்டால் தழும்பு தடிக்க வாய்ப்பு மிகுதி, வேறிடத்துத் தோலை எடுத்துப் பொருத்தும் தோல் ஒட்டு தேவையா என்றும் அவர் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மருத்துவர் சிலிகான் வலைக்கு மாற்றினார். 4 நாள்கள் கழித்து இன்று பிரித்தபோது வலை தானாக நழுவி வந்தது, ரத்தம் இல்லை. அம்மா தன் கையைத் தானே பார்த்தார்.