ஊட்டியில் யாராவது நிழல் அளந்து தர முடியுமா?

வணக்கம். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தெற்கே எட்டும் மட்டும் போய் நிற்கும். அன்றைய உச்சிவேளை நிழலை மகளோடு சேர்ந்து அளக்கப் போகிறேன்.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். வாசலில் பூண்டு காயவைத்த சாக்கை ஒதுக்கிவிட்டு ஒரு மீட்டர் கம்பை நட்டோம். கணக்குப்படி எங்கள் பக்கம் 67 செ.மீ.க்குள் நிழல் விழ வேண்டும். வந்ததோ 74! மலையில் சமதரை ஏது, வாசல் வடக்கே சரிந்திருக்கிறது. கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் வாங்கியிருக்கிறேன்.

நிழல் நுனியும் ஒரு விரல் அகலத்துக்கு மங்கல். கம்பின் உச்சியில் சின்ன ஓட்டை போட்ட அட்டையை ஒட்டியதும் தரையில் குட்டி வட்டமாக வெளிச்சம் விழுந்தது. அதன் மையத்தை அளந்தால் போதும். கம்பின் உயரத்தை ஓட்டை வரைக்கும் எடுக்க வேண்டும்.

அம்மாவோ, தை பிறந்தால்தான் உத்தராயணம் என்கிறார். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் தை முதல் நாளும் விலகிப்போயின என்றால் காதில் வாங்குவதில்லை.

ஊட்டிக்காரர்கள் யாராவது அதே நாளில் உங்கள் உச்சிவேளையான 12.21 மணிக்கு அளந்து சொல்லுங்களேன். இங்கே 12.18. உங்களுக்கு 3 செ.மீ. போல நீளமாக வரும். வடக்கு தெற்காக நமக்குள் சுமார் 130 கி.மீ. கம்பு, நிழல் நீளங்களை வைத்து இரு ஊரிலும் சூரியனின் கோணம் கிடைத்தால் பூமியின் சுற்றளவையே போட்டுப் பார்க்கலாம்.

மேகம் மறைத்தால் கவலை வேண்டாம், 19 முதல் 24 வரை நிழல் அநேகமாக அசையாது. இரு ஊரிலும் ஒரே நாளாக இருந்தால் சரி. யார் வருகிறீர்கள்?