அத்தையின் இடது காது

சரோஜா அத்தை: நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இடது காது அடைத்தே இருக்கிறது, உள்ளே ரீங்காரம் வேறு. அழுக்குதான் போல, எண்ணெய் விடலாமா?

பெரியப்பா: கல்யாண வேலை அலைச்சல்தான் சரோ. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

கவிதா: எண்ணெய் வேண்டாம் அத்தை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். எந்தக் காதில் சத்தம் அதிகம்?

சரோஜா அத்தை: வலது காதில்மா, நல்ல காதில்.

கவிதா: அழுக்கு என்றால் அடைத்த காதில்தான் ஓங்கிக் கேட்கும். இது உள்காதாக இருக்கலாம், இன்றே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்தை 2 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

பெரியப்பா: அப்போ டென்ஷனுக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லையா?

கவிதா: டென்ஷன்தான் காரணம் என்று சொல்ல முடியாது பெரியப்பா, பெரும்பாலோருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை. ஆனால் சம்பந்தம் உண்டு. டென்ஷனில் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உள்காதிலேயே இருக்கின்றன, நத்தைக்கூடு மாதிரி சுருண்ட பகுதியின் வெளிச்சுவரில் ரொம்ப அதிகம். கார்ட்டிசால் செல்லுக்குள் போய் ஏற்பியோடு சேர்ந்ததும் இரண்டும் உட்கருவுக்குள் நுழைந்து சில மரபணுக்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும், வீக்கம் தணியும். அங்கே உப்பைக் கவனிக்கும் இன்னொரு ஏற்பியும் உண்டு, அதிலும் கார்ட்டிசால் ஒட்டும். அந்த உப்புக் கணக்கு முக்கியம், சுருண்ட பகுதியின் நடுக்குழாயில் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதோடு சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம். அந்த மின்னழுத்தம் இறங்கினால் காது சரியாகக் கேட்காது. இதற்கு டாக்டர் கொடுக்கும் மருந்தான, கார்ட்டிசால் மாதிரியான ஸ்டீராய்டும் இந்த ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது.

சரோஜா அத்தை: ஸ்டீராய்டா? எனக்கு இனிப்புநீர் இருக்கிறதேமா.

கவிதா: முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை சர்க்கரையை ஏற்றும்தான், ஆனால் செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசியும் போடலாம். மருந்து அங்கிருந்து ஒரு மெல்லிய சவ்வு வழியே உள்காதுக்குள் ஊறிப் போகும், உடம்பில் அவ்வளவாகப் பரவாது.

கவிதா: அம்மாவுக்கு இப்படி வந்தபோது ஒரு கிளினிக்கில் ஒரு மாதம் சளி மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காது திரும்பவே இல்லை. நான் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி நச்சரிக்கிறேனே என்று நினைக்காதீர்கள் அத்தை.

தினேஷ்: அத்தை, பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறேன், 10 நிமிடத்தில் வாசலுக்கு வருகிறேன்.

சரோஜா அத்தை: சரிப்பா, இனிப்புநீர் புத்தகத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.