சாமத்திய வீட்டில் மூத்த தாய்மாமன் நான், மேடையில் ஏற வழியில்லை. என்ன செய்யலாம்?

வட்டக்கச்சிக்காரன்:

அக்காவின் மகளுக்கு வருகிற மாதம் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. மூத்த தாய்மாமன் நான். 2009 இல் ஷெல் துண்டு முதுகில் ஏறியதிலிருந்து வீல்செயாரில்தான் இருக்கிறேன். வீட்டு முன்னறையில் போன் திருத்துகிறேன், ரீலோட் போடுகிறேன். அந்தக் காசில் மருமகளுக்கு ஒரு சங்கிலியும் வாங்கி வைத்தாயிற்று.

பிடித்திருக்கிற மண்டபத்துக்கு வாசலில் ஐந்து படி. உள்ளே மேடைக்கு இன்னும் நான்கு. வீட்டில் எல்லோரும் கூடிக் கதைத்தபோது அத்தான் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, நீர் ஏன் கரைச்சல்படுறீர்? சின்னவன் நிண்டு செய்யட்டும். உமக்குச் சாப்பாடு வீட்டுக்கு அனுப்பிவிடுறம்" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா.

சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. நான் காயப்பட்ட அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். அதனால்தான் எனக்கும் வாய் வரவில்லை.

மற்றவர்கள் சொல்வது, "நாலு பெடியள் நிக்கிறம், தூக்கி ஏத்துவம்." முன்பு ஒரு கலியாணத்தில் அப்படித்தான் தூக்கினார்கள். ஒருவன் கால்மிதியைப் பிடித்தான், அது கழன்று கையோடு வந்துவிட்டது. கதிரை சரிந்ததில் சிறுநீர்க் குழாய் இழுபட்டு, பையில் இரத்தம். அதைவிட ஆத்திரம் வந்தது படப்பிடிப்பில். "வீல்செயார் படத்துக்கு வடிவில்லை" என்று என்னைத் தூக்கிப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். இடுப்புக்குக் கீழ் எனக்கு உணர்ச்சி இல்லை. மெத்தை இல்லாமல் இருந்து எழுந்தால் புண் வந்தது அடுத்த நாள்தான் தெரியும், ஆற மாதக்கணக்காகும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஐந்து படிக்குச் சாய்தளம் போடுவதென்றால் எவ்வளவு நீளம் வரும்? மண்டபக்காரரிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

மாங்குளம் அக்கா:

தம்பி, நானும் கதிரைக்காரிதான். கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் உங்கள் ஐந்து படி இரண்டரை அடி, அதற்கு முப்பது அடி சாய்தளம் வேண்டும். ஒரு நாளைக்குப் பலகை அடுக்கிச் செய்கிற வேலை இல்லை. குறுக்கிப் போட்டால் ஏறுவது ஒரு பக்கம், இறங்கும்போது கதிரை உங்களைக் கொண்டு ஓடும்.

மண்டபத்தின் சமையல் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். கிடாரம் கொண்டுபோகிற வாசலில் பெரும்பாலும் ஒரு படிதான் இருக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. ஒரு படிக்குப் பலகை போதும். சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் உள்ளே போவது மரியாதையா என்று கேட்டால், இல்லைத்தான். நான் அப்படிப் போன இடங்களில் மண்டபக்காரரைக் கூப்பிட்டு, "இதுதான் எனக்கு நீங்கள் வைத்த வாசல்" என்று காட்டிவிட்டுத்தான் போவேன்.

மேடை விசயம் எனக்கு விளங்கவில்லை. தண்ணி வார்ப்பது எப்படியும் வீட்டு முற்றத்தில்தானே? பால் அறுகு வைப்பதற்கும் தேங்காய் உடைப்பதற்கும் படி எங்கே வருகிறது? மண்டபத்தில் நடப்பது ஆலாத்தியும் படமும். சோடனைக்காரரிடம் சொல்லி மணவறையை மேடைக்குக் கீழே தரையில் போடச் சொல்லுங்கள். முழங்கால் ஏலாத கிழவிகளும் கும்பிட்டு நன்றி சொல்லுவினம்.

கட்டடக்காரன்:

நான் மேசன் வேலையிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவன். இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2006 இல் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் (சுப்ரீம் கோர்ட்) சொல்லியிருக்கிறது.

நடப்பது வேறு. வரைபடத்தில் சாய்தளம் இருக்கும், அனுமதி கிடைக்கும். கட்டி முடியும்போது காசும் இடமும் முடிந்துவிடும், மிஞ்சிய மூலையில் செங்குத்தாக ஒன்றை ஊற்றி மேலே மினுங்கும் டைல்ஸ் ஒட்டுவார்கள். மழைத் தண்ணி பட்டால் நடக்கிறவனே விழுவான். வன்னியில் அரைவாசிச் சாய்தளம் மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் பயன்படுகிறது, மிச்சத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. வாசல் வரை கிறவல் பரப்பி விட்டால் முன்சில்லு புதையும், அதை ஒருவரும் யோசிப்பதே இல்லை.

காசு கட்டியாயிற்றா? இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். முற்பணம் கையில் ஏறிய பிறகு எந்த மண்டபக்காரருக்கும் காது கேட்காது.

விசுவமடுப் பெடியன்:

அண்ணை, குறை நினைக்க வேண்டாம். நாங்கள் தூக்குவது பாசத்தில்தான். வேண்டாம் என்றால் எங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

மாங்குளம் அக்கா:

சரி, சொல்லித் தருகிறேன். முதலில் கதிரையில் இருக்கிறவரிடம் கேள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடு. ஓம் என்றால் பையையும் குழாயையும் அவரே சரிபார்க்கட்டும், பட்டி இருந்தால் போடட்டும். கதிரையின் முதுகு படிப்பக்கம் பார்க்கத் திருப்பு. பலமான ஒருவர் பின்கைபிடியைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்க்க, முன்னால் இருவர் சட்டத்தை மட்டும் பிடிக்க வேண்டும். கைத்தாங்கியும் கால்மிதியும் கழன்று வருகிற சாமான், தொடாதே. பெரிய சில்லைப் படிபடியாக உருட்டி ஏற்று, எண்ணிக்கை சொல்வது இருக்கிறவர். இறங்கும்போது முகம் கீழ்ப்பக்கம், கதிரை அப்போதும் பின்னுக்குச் சாய்ந்தபடி.

பாசம் எனக்கும் விளங்கும். ஆனால் நான்கு பேர் கூடினால்தான் நான் வீட்டுக்குப் போகலாம் என்றால், கிளம்பும் நேரம் என் கையில் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் பெடியளைத் தேடினால் ஒருவரும் ஆம்பிடமாட்டார்கள்.

வட்டக்கச்சிக்காரன்:

சமையல் பக்கம் போய்ப் பார்த்தேன், ஒரு படிதான். மணவறையைத் தரையில் போட அக்கா உடனே ஓம் என்றா. சோடனைக்காரர்தான் "வீடியோவில் எடுபடாது" என்று இழுக்கிறார்.

பெரியவருக்கு நானே போன் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப தேங்காய் ஆர் உடைக்கிறது?" என்றார். நான்தான் என்றேன். "ம், சரி" என்று வைத்துவிட்டார். கோபமோ என்னவோ தெரியவில்லை.

இனி ஒரு சிக்கல் மிச்சம். மண்டபத்துக் கழிவறைக் கதவு 24 அங்குலம், என் கதிரை 25. காலில் கட்டுகிற சிறிய பை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கிளிநொச்சியில் அது எந்தப் பாமசியில் கிடைக்கும்? இல்லாவிட்டால் வவுனியா போகிற யாராவது வாங்கி வர முடியுமா?