45 டாலர் ஹாலோவீன் உடையா, வீட்டிலேயே செய்த வேடமா?

நியூஜெர்சி_அம்மா:
மகளுக்கு எட்டு வயது. பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன், அக்டோபர் 31க்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. ஜெல்லி மீன் வேடம்தான் வேண்டும் என்கிறாள். கடையில் பார்த்த உடை 45 டாலர். ஒரே ஒரு மாலைக்கு அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை. வீட்டில் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உண்மையில் எவ்வளவு ஆனது?

எடிசன்_குமரன்:
வேண்டாம் என்பேன். போன வருஷம் பையனுக்கு ரோபோ செய்தேன். அட்டைப்பெட்டி இலவசம்தான். ஆனால் வெள்ளி நிற ஸ்ப்ரே பெயின்ட் இரண்டு டப்பா, கைகளுக்குத் துணி உலர்த்தும் டிரையரின் அலுமினியக் குழாய், குளூ கன், அதற்குக் குச்சிகள், எல்இடி விளக்கு எல்லாம் சேர்ந்து 52 டாலர். மூன்று ராத்திரி தூக்கம் கெட்டது. பெட்டியோடு காரில் உட்கார முடியவில்லை, வகுப்பு நாற்காலியிலும் உட்கார முடியவில்லை. மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து கேக் சாப்பிட, இவன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. ஹாலோவீன் முடிந்த மறுநாளே கடைகளில் உடைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது ஓர் அளவு பெரிதாக வாங்கி வைத்துவிடுங்கள்.

ஸ்கார்பரோ_அக்கா:
தம்பி, பிள்ளை நின்றுகொண்டிருந்ததைப் படிக்க எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு ஏறியதற்குக் காரணம் வீட்டில் செய்தது இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனீர்கள், அதனால் ஏறியது. நான் முதலில் வீட்டில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் பிள்ளைகளிடம் என்ன வேடம் என்று கேட்பேன்.

ஜெல்லி மீன் ஆகச் சுலபம். கவிழ்ந்த கிண்ணம் போல இருக்கும் ஒளி ஊடுருவும் குடை ஒன்று எடுங்கள். பார்சலில் வந்த பபுள் ராப்பை, அந்தக் காற்றுக் குமிழ் பிளாஸ்டிக் தாளை, இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, விளிம்பைச் சுற்றி உட்பக்கமாக டேப்பால் ஒட்டுங்கள். நடுவில் பழைய ரிப்பன், கிழிந்த லேஸ் எது இருந்தாலும் சரி. பட்டைகள் முழங்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் சிக்கும். முகத்துக்கு நேரே ஒன்றும் தொங்கக் கூடாது. கம்பியைச் சுற்றிப் பேட்டரியில் எரியும் சின்ன விளக்குச் சரம் போட்டால் இருட்டில் அத்தனை வடிவாக இருக்கும், கார் ஓட்டி வருபவர்களுக்கும் பிள்ளை தெரியும். குடை வீட்டில் இருந்ததால் எனக்கு விளக்குக்கு மட்டும் 4 டாலர் போனது.

இன்னொன்று. இங்கே அந்த மாலை சரியான குளிர். கடை உடை மெல்லிசு. மேலே ஜாக்கெட் போட்டால் 45 டாலர் வேடம் உள்ளே மறைந்துவிடும். குடை வேடத்தில் ஜாக்கெட்டைக் கழற்றவே தேவையில்லை.

எடிசன்_குமரன்:
அக்கா, குளிர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். நெருப்புக்கு என்ன சொல்கிறீர்கள்? வாசல்படி முழுக்க பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரிகிறது. கடை உடைக்குச் சட்டப்படி தர அளவு இருக்கிறது. பபுள் ராப்புக்கு அப்படி என்ன இருக்கிறது?

தையல்_மெஷின்:
இதில் நான் குறுக்கிட வேண்டும், தைப்பதுதான் என் தொழில். அமெரிக்காவில் 1953ல் வந்த எரியும் துணிகள் சட்டம் கடை உடைக்கும் பொருந்தும், உண்மை. ஆனால் பொதுவாக உடைகளுக்கு உள்ள சோதனை என்ன தெரியுமா? துணியை 45 டிகிரி சாய்வில் வைத்து ஒரே ஒரு விநாடி தீயைக் காட்டுவார்கள். தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்றுதான் அதில் பார்க்கிறார்கள். அதில் தேறிய உடை நெருப்பே பிடிக்காது என்று நினைத்துப் பிள்ளையை மெழுகுவர்த்தி பக்கம் விடாதீர்கள்.

அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உருகித் தோலில் ஒட்டும். பட்டைகளைக் குட்டையாக வெட்டுவது காலில் சிக்காமலிருக்க மட்டுமில்லை, படியில் இருக்கும் பூசணி விளக்கில் படாமல் இருக்கவும்தான். தொளதொளவென்ற கை, புரளும் பாவாடை, பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் செய்யும் பேய் அங்கி இவைதான் எனக்கு அதிகம் பயம் தருபவை. அம்மாவின் பழைய காட்டன் சேலையை அங்கியாகப் போர்த்தி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

எடிசன்_குமரன்:
சரி, அது எனக்குப் புதிது. ஆனாலும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் நேரமும் பணம்தான். கடையில் வாங்குவதுதான் இந்த ஊர் வழக்கம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தையல்_மெஷின்:
வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊர் வழக்கம் என்பது மட்டும் சரியில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வீட்டில்தான் வேடம் செய்தார்கள், அதுவும் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் கிரேப் காகிதத்தில். மாசசூசெட்ஸில் இருந்த டெனிசன் நிறுவனம் அந்தக் காகிதத்தை விற்பதற்காகவே ஹாலோவீன் யோசனைப் புத்தகங்கள் போட்டது. பிளாஸ்டிக் முகமூடியோடு பெட்டியில் வரும் உடை அதற்குப் பிறகு வந்ததுதான். நேரம் இல்லை என்றால் குட்வில் மாதிரியான பழைய துணிக் கடைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், இந்த மாதம் முழுக்க வேட உடைகளைத் தனியாகவே தொங்கவிட்டிருப்பார்கள்.

எடிசன்_குமரன்:
பழைய துணிக் கடை யோசனை நல்லது. வீட்டில் செய்வதற்கு நான் இன்னும் சம்மதம் சொல்லமாட்டேன். நியூஜெர்சி அக்கா, செய்வதாகவே இருந்தால் முதலில் பள்ளியில் கேட்டுவிடுங்கள். என் பையன் பள்ளியில் முகமூடிக்கும் அனுமதி இல்லை, கையில் எதையும் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் நடக்கவும் அனுமதி இல்லை. குடையை வாங்கிவிட்டு அப்புறம் என்னைப் போல வருத்தப்படாதீர்கள்.

நியூஜெர்சி_அம்மா:
நல்லவேளை சொன்னீர்கள் குமரன். டீச்சருக்கு எழுதிக் கேட்டேன். குடை கூடாதாம்.

ஸ்கார்பரோ_அக்கா:
அப்படியென்றால் அகல விளிம்புத் தொப்பி. அதே பட்டைகளை விளிம்பில் ஊக்கு குத்தித் தொங்கவிடுங்கள், முகத்துக்கு முன்னால் மட்டும் ஒன்றும் தொங்க வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு காரிலும் உட்காரலாம், நாற்காலியிலும் உட்காரலாம்.

நியூஜெர்சி_அம்மா:
தொப்பி இருக்கிறது! கோடையில் கடற்கரைக்கு வாங்கியது. பபுள் ராப்பை யார் வெட்டுவது என்று இப்போதே தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.